ஐம்பத்து மூன்று வாரம் ஒலித்த இசை

நமது சங்க மலரில் இசை என்றால் பெரும்பாலும் தியாகையரும் பாபநாசம் சிவனும் வருவார்கள். இளைஞர்கள் எழுதினால் இளையராஜா வருவார். இம்முறை ஆசிரியர் குழுவிடம் ஒரு மாறுதல் கேட்டு வாங்கிக்கொண்டேன். தொலைக்காட்சியில் வந்த ஒரு சரித்திரத் தொடரின் பின்னணி இசையைப் பற்றி எழுதப் போகிறேன். அதை அமைத்தவர் தமிழர் அல்லர், மும்பையில் பிறந்த குஜராத்தி. கற்றது லண்டனிலும் பாரீஸிலும். ஆனாலும் 1988-89ஆம் ஆண்டுகளில் வடநாட்டில் பிள்ளை குட்டிகளோடு இருந்த நம்மில் பலருடைய காதிலும் அவருடைய இசை வாரம் தவறாமல் விழுந்திருக்கிறது. பெயர்தான் நமக்குத் தெரியாது. அவர் வன்ராஜ் பாட்டியா. தொடர் ‘பாரத் ஏக் கோஜ்’.

நான் முறையாகச் சங்கீதம் கற்றவன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்து, 1980இல் ரயில்வேயின் சிக்னல், டெலிகாம் பிரிவில் சேர்ந்து, 2018இல் ஓய்வு பெற்றவன். முப்பத்தெட்டு வருடம் ரிலேயும் கேபிளும் கன்ட்ரோல் போனுமாகக் கழிந்தது. ஆகவே ராக லட்சணம் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம். ஒலி எப்படிக் கம்பியில் ஏறி, காற்றில் பறந்து, ஒரு பெட்டிக்குள் இறங்கி, நம் கூடத்துக்கு வந்தது என்பதைச் சொல்ல முடியும். அதோடு ஒரு ரசிகனின் அபிப்பிராயமும் சேர்ந்து வரும்.

தொடரைப் பற்றி இளைய வாசகர்களுக்காகச் சில வார்த்தைகள். 1942இல் கைது செய்யப்பட்ட ஜவாஹர்லால் நேரு, அன்றைய அகமத்நகர் கோட்டைச் சிறையில் இருந்தபோது 1944இல் ஐந்து மாதங்களில் எழுதிய நூல் ‘டிஸ்கவரி ஆஃப் இந்தியா’. 1946இல் வெளிவந்தது. அதை வைத்து ஷியாம் பெனகல் தூர்தர்ஷனுக்காக 53 பகுதிகள் கொண்ட தொடராக எடுத்தார். 1988 நவம்பரில் ஒளிபரப்பு தொடங்கியது. ரோஷன் சேட் நேருவாக வந்து இடையிடையே பேசுவார். ஓம் புரியின் குரல் கதையை நடத்திச் செல்லும். சிந்து சமவெளியில் ஆரம்பித்து 1947இல் முடியும். அதே காலத்தில் ‘மகாபாரத்’ தொடரும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குத் தெருவே காலியாகும், டீக்கடைக்காரர் கடையை மூடுவார். ‘பாரத் ஏக் கோஜ்’ அப்படி யாரையும் கட்டிப்போட்ட தொடர் அல்ல. பள்ளி ஆசிரியர்களும் எங்களைப் போன்ற சிலரும் பார்த்தோம். பரீட்சைக்கு உதவும் என்று பிள்ளைகளையும் பிடித்து உட்கார வைத்தோம்.

பாட்டியாவின் வரலாறு விசித்திரமானது. 1927இல் பிறந்தவர். தேவ்தர் இசைப் பள்ளியில் இந்துஸ்தானி, பிறகு பியானோ. எல்பின்ஸ்டன் கல்லூரியில் 1949இல் ஆங்கிலத்தில் எம்.ஏ. அதன்பின் லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர்ந்து 1954இல் தங்கப் பதக்கத்துடன் வெளியே வந்தார். அங்கிருந்து பாரீஸ் சென்று, நாதியா பூலாஞ்சே என்ற புகழ்பெற்ற ஆசிரியையிடம் 1959 வரை பயின்றார். அந்த அம்மையாரிடம் கற்றவர்களில் அமெரிக்க இசையமைப்பாளர்கள் ஆரன் கோப்லண்ட், பிலிப் கிளாஸ், குவின்சி ஜோன்ஸ் எல்லாரும் உண்டு. இவ்வளவும் படித்து ஊர் திரும்பிய மனிதருக்கு இங்கே என்ன வேலை இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? 1960 முதல் 65 வரை டெல்லிப் பல்கலைக்கழகத்தில் மேல்நாட்டு இசையியல் கற்பித்தார். மற்றபடி வயிற்றுப்பாட்டுக்கு விளம்பரப் பாட்டு! சோப்பு, துணி, பெயிண்ட் என்று ஆயிரக்கணக்கில் போட்டிருக்கிறார். அருவியில் ஒரு பெண் குளித்துக்கொண்டே வரும் லிரில் சோப்பு விளம்பரத்தின் மெட்டு இன்றைக்கும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அது இவருடையதுதான்.

1974இல் ‘அங்கூர்’ படத்தில் பெனகலுடன் சேர்ந்தார். அதன்பின் அவர்கள் இருவரும் இணைந்து செய்த படங்கள் பல. பால் பண்ணை விவசாயிகள் ஐந்து லட்சம் பேர் தலைக்கு இரண்டு ரூபாய் போட்டு எடுத்த ‘மந்தன்’ படத்தின் பாடல், பிற்காலத்தில் அமுல் விளம்பரத்தில் வந்ததே, அதுவும் இவர் இசை.

இனி தொடருக்கு வருவோம். ஒரு பொறியாளனாக நான் முதலில் கேட்கும் கேள்வி, என்ன வேலை கொடுக்கப்பட்டது என்பது. ஐயாயிரம் வருட சரித்திரத்துக்கு இசை போடு என்கிறார்கள். மொகஞ்சதாரோவில் என்ன வாத்தியம் வாசித்தார்கள், என்ன மெட்டில் பாடினார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஊதலும் சில உருவங்களும் மண்ணில் கிடைத்திருக்கலாம். மெட்டு மண்ணில் கிடைப்பதில்லை. அசோகர் காலத்துக்கும் அதே கதி. அக்பர் காலத்துக்கு வந்தால் கொஞ்சம் கிடைக்கும். பிரிட்டிஷார் காலத்துக்கு பாண்டு வாத்தியமே உண்டு. இத்தனையையும் ஒரே தொடராக, ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி ஒலிக்கச் செய்ய வேண்டும். ஒவ்வொரு காலத்துக்கும் ஒவ்வொரு வாத்தியம் என்று பொருட்காட்சி வைத்தால் ஒட்டாது. எல்லாவற்றுக்கும் சிதாரும் புல்லாங்குழலும் போட்டால் அது வானொலியில் தலைவர்கள் மறைந்த நாளில் போடும் சோக இசை ஆகிவிடும்.

பாட்டியா கண்ட வழி, தலைப்பு இசையிலேயே தெரிகிறது. ரிக் வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் 129ஆவது சூக்தம், நாசதீய சூக்தம் என்பார்கள், அதை எடுத்துக்கொண்டார்கள். சமஸ்கிருத மூலமும், வசந்த் தேவ் செய்த இந்தி ஆக்கமும் சேர்ந்து ஒலிக்கும். ஏழே செய்யுள். அதன் கருத்து, படைப்புக்கு முன்னால் இருப்பதும் இல்லை, இல்லாததும் இல்லை, அப்படியானால் இதெல்லாம் எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரியும் என்று கேட்டுக்கொண்டே போவது. மேலே இருந்து பார்த்துக்கொண்டிருப்பவனுக்காவது தெரியுமா, ஒருவேளை அவனுக்கும் தெரியாதோ என்ற சந்தேகத்தில் முடியும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் வருவது அதே மண்டலத்தின் 121ஆவது சூக்தம், ஹிரண்யகர்ப்பம். அதிலும் எந்தத் தெய்வத்துக்கு நாம் அவி சொரிவது என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. ‘கோஜ்’ என்றால் தேடல். தேடல் என்று பெயர் வைத்த தொடருக்கு, முன்னும் பின்னும் கேள்வியையே பாட்டாக வைத்தார்கள். இது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

கிரகப்பிரவேசத்திலும் கோயில் கும்பாபிஷேகத்திலும் நாம் கேட்கும் வேத பாராயணம் மூன்றே சுரநிலைகளில் ஏறி இறங்குவது. அதை அப்படியே வைத்து, பின்னால் ஒரு தம்பூராவைப் போட்டிருந்தால் வேலை சுலபம். பாட்டியா அப்படிச் செய்யவில்லை. பல குரல்கள் சேர்ந்து பாடும் கோஷ்டி கானமாக அமைத்தார். அடியில் ஒரு சுரம் நிலையாக நிற்கிறது. அதன்மேல் குரல்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. முதல்முறை கேட்டபோது இது எந்த ஊர் இசை என்று எனக்குப் புரியவில்லை. மாதா கோயில் மாதிரியும் இருக்கிறது, யாகசாலை மாதிரியும் இருக்கிறது.

இந்தப் புதிருக்கு விடை சொன்னவர் நாக்பூரில் எங்கள் அஜ்னி காலனியில் இருந்த கோவாக்காரர் ஒருவர். கார்டாக வேலை பார்த்தவர். ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் கிறிஸ்துமஸுக்கு வயலின் வாசிப்பார். கோடு போட்ட காகிதத்தில் எழுதிய மேல்நாட்டுச் சுரலிபியைத் தினசரிப் பேப்பர் படிப்பது போல் படிப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம், “நம் சங்கீதத்தில் ஒருவர் பாடினால் மற்றவர்கள் அவர் பின்னால் போவார்கள். இதில் நாலு பேர் நாலு விதமாகப் பாடுகிறார்களே, எப்படிச் சேர்கிறது?” என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு இந்தியில் சொன்னார்: “நீங்கள் சிக்னல்காரர், உங்களுக்கா புரியாது? உங்கள் சங்கீதம் ஒற்றை லைன். ஒரே வண்டி, நன்றாக அலங்கரித்து, நிறுத்தி நிதானமாக ஓட்டுவீர்கள். எங்களுடையது யார்டு. நாலு வண்டி நாலு தடத்தில் ஒரே நேரத்தில் ஓடும். ஒவ்வொன்றுக்கும் தனி டைம்டேபிள். ஆனால் மோதக்கூடாது, ஜங்ஷனில் எல்லாம் ஒன்றாக வந்து நிற்க வேண்டும்.”

அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. எங்கள் தொழிலில் இன்டர்லாக்கிங் என்று ஒன்று உண்டு. ஒரு வண்டிக்கு வழிவிட்டு சிக்னல் இறக்கிவிட்டால், அதோடு மோதக்கூடிய மற்ற வழிகள் தாமே பூட்டிக்கொள்ளும். நீங்கள் லீவரை இழுத்தாலும் வராது. மேல்நாட்டு இசையிலும் அப்படிப்பட்ட பூட்டுகள் உண்டாம்: இந்தக் குரல் இங்கே போனால் அந்தக் குரல் அங்கே போகக் கூடாது என்று. பாரீஸில் அந்த அம்மையார் மாணவர்களைப் பிழிந்து எடுத்துச் சொல்லிக்கொடுத்தது இந்தச் சட்டங்களைத்தான். நம் ராகத்துக்கும் பூட்டு உண்டு, ஆனால் அது வேறு வகை: ஆரோகணத்தில் இந்தச் சுரம் வரக்கூடாது, இந்தப் பிடி வரவேண்டும் என்பது. ராகத்தின் பூட்டையும் உடைக்காமல், யார்டின் பூட்டையும் உடைக்காமல் வண்டி ஓட்டுவது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். நமக்கு ஸட்ஜம் பிளாட்பாரம் மாதிரி, அசையாது. அங்கே அடித்தளமே பாட்டின் நடுவில் இடம் மாறும். அடித்தளம் மாறினால் நம் காதுக்கு ராகமே மாறிவிட்டது போல் இருக்கும். நமது சினிமாவில் பலர் இந்தச் சிக்கலை, ராகத்தை மெட்டில் மட்டும் வைத்துக்கொண்டு பின்னணியை இஷ்டத்துக்கு ஓட விட்டுத் தீர்த்தார்கள். பாட்டியா அடிச்சுரத்தை அசைக்காமல் மேலே மாளிகை கட்டினார் என்பது என் காதுக்குப் பட்டது. இசை வல்லுநர்கள் வேறு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது என் சொந்தத் துறைக்கு வருகிறேன்.

அன்றைய டிவியில் ஒலி எப்படி வந்தது? நிலையத்திலிருந்து வந்த ஒலி நல்ல ஒலிதான். படத்தின் அலைக்கு 5.5 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, எஃப்.எம். முறையில் தனியாக வரும். மீடியம் வேவ் ரேடியோவை விட எவ்வளவோ தெளிவு. கோளாறு வீட்டுக்குள்தான். மூன்று நான்கு அங்குல ஸ்பீக்கர் ஒன்றை, சில செட்டுகளில் முன்பக்கம் கூட இல்லாமல் பக்கவாட்டில் திணித்து வைத்திருப்பார்கள். அது 150, 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் ஊமை. வயலின் குடும்பத்தில் மூத்தவரான டபுள் பாஸின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதாவது மும்பையில் அந்த மனிதர் ஆளுயர வாத்தியத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இழைத்தது, நம் வீட்டுக் கூடத்துக்கு வந்து சேரவே இல்லை.

ஆனாலும் நாம் கேட்டோம்! அதுதான் அதிசயம். கன்ட்ரோல் போனில் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். டெலிபோன் சர்க்யூட் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண் குரலின் அடிநாதம் 100, 120 ஹெர்ட்ஸ். அது கம்பியில் போகவே போகாது. ஆனால் செக்‌ஷன் கன்ட்ரோலர் வாயைத் திறந்தால், இது ஆண், இன்னார், இன்றைக்கு வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது வரை நமக்குத் தெரியும். எப்படி? ஒரு நாதம் ஒலிக்கும்போது அதன் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு அதிர்வுகளும் கூடவே ஒலிக்கின்றன. மேலே உள்ள அந்தப் படிகளைக் கேட்டே, கீழே இல்லாத படியை மூளை தானாகக் கட்டிக்கொள்கிறது. அப்படித்தான் டபுள் பாஸும் நம் கூடத்துக்கு வந்தது, நம் மூளை வழியாக.

இதனால் தொலைக்காட்சிக்கு இசை அமைப்பவர், சினிமாவுக்கு அமைப்பவரைப் போல் கனத்தை நம்பக் கூடாது. சினிமாக் கொட்டகையில் நூறு வயலின் அலை அலையாக வந்தால் நெஞ்சு அதிரும். அதே நூறு டிவிப் பெட்டியில் வந்தால் தேனீக் கூடு. குரல்கள், புல்லாங்குழல், ஓபோ, ஒற்றை வயலின் போன்ற நடுத்தர ஸ்தாயி ஒலிகள்தான் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் உயிரோடு வரும். தலைப்பு இசையை மனிதக் குரல்களின் மேல் கட்டியது எதனால் என்று பாட்டியாவைக் கேட்க முடியாது. ஆனால் அந்தப் பெட்டிக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியம் இல்லை என்று மட்டும் சொல்வேன். விளம்பரப் பாட்டு போட்டுப் பழகிய கை. முப்பது நொடியில், மோசமான ஸ்பீக்கரில், சமையலறையில் இருப்பவர் காதில் விழும்படி செய்வது எப்படி என்று அவருக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

இடையில் ஒரு சுவையான விஷயம். சினிமாவில் நொடிக்கு 24 படங்கள் ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25. ஆகவே சினிமாப் படத்தை டிவியில் போடும்போது நொடிக்கு 25 என்றே ஓட்டுவது வழக்கம். இரண்டரை மணி நேரப் படம் ஆறு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். பாட்டும் வேகமாகும், சுருதியும் அரைச்சுரத்தில் சுமார் முக்கால் பங்கு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை படத்தில் லதாவின் குரல் ரேடியோவில் கேட்டதைவிடச் சற்று மேலே ஒலிக்கிறதே என்று யாராவது சொல்லியிருந்தால், அவருடைய காதை மெச்ச வேண்டும்.

டிப்ளமாக்காரன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தத் தொடரின் ஒளிப்பதிவாளர் வி.கே. மூர்த்தி, குரு தத்தின் படங்களில் வெளிச்சத்தால் ஓவியம் வரைந்தவர், பெங்களூரில் பாலிடெக்னிக்கில் ஒளிப்பதிவு டிப்ளமா படித்தவர். தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர் அவர்தான். அவரிடம் உதவியாளராக இருந்த கோவிந்த் நிஹலானியும் அதே பாலிடெக்னிக்தான். டிகிரி இல்லையே என்று இன்டர்வியூவில் இளக்காரமாகப் பார்த்தவர்கள் நம்மில் பலருக்கும் ஞாபகம் இருப்பார்கள்; இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

அந்த நிஹலானி எடுத்த ‘தமஸ்’ தொடருக்கும் பாட்டியாதான் இசை. பீஷ்ம சாஹ்னியின் நாவல். 1947 பிரிவினைக் கலவரம். 1988 ஜனவரியில் ஒளிபரப்பானபோது நாடே கொந்தளித்தது. நிறுத்தச் சொல்லி பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதிகள் தொடரைப் போட்டுப் பார்த்துவிட்டு, இது வெறுப்பைத் தூண்டவில்லை, வெறுப்பின் கேட்டைக் காட்டுகிறது என்ற கருத்தில் ஒளிபரப்பை அனுமதித்தார்கள். உச்ச நீதிமன்றமும் பிப்ரவரியில் அதையே உறுதி செய்தது. தலைப்பிலேயே ஒரு கூக்குரல் எழும். அதைக் கேட்டதும் எங்கள் வீட்டில் சின்னவள் சமையலறைக்கு ஓடிவிடுவாள். மற்ற இடங்களில் இசை மிகக் குறைவு. என்னைக் கேட்டால், ‘பாரத் ஏக் கோஜ்’ அவருடைய படிப்பைக் காட்டுகிறது, ‘தமஸ்’ அவருடைய மனத்தைக் காட்டுகிறது. அந்த இசைக்குத்தான் அவருக்கு தேசிய விருதும் கிடைத்தது. மாமியார் திரும்பிப் பார்த்தால் மூன்று தரம் இடி இடிக்கும் இன்றைய தொடர்களுக்கு இசை போடுகிறவர்களை, ஒரு நாள் உட்கார வைத்து ‘தமஸ்’ காட்ட வேண்டும்.

நம்மவர்களுக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் சிலப்பதிகாரமும் சோழப் பேரரசும் தனித்தனிப் பகுதிகளாக வந்தன. காலனியில் எங்கள் வீட்டில் அன்று ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கூடிவிட்டன. பக்கத்து வீட்டு மாமி ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, “என்னப்பா இது, கண்ணகி இந்தி பேசறா! பாண்டியன் சபையிலே போய் இவ இந்தியிலே கேட்டா, அவனுக்கு எப்படிப் புரியும்?” என்றார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எங்கள் பிள்ளைகள் சிரிக்கவில்லை. அவர்கள் வாயை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழில் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாத பிள்ளைகள். கேந்திரிய வித்யாலயாவில் இந்தியும் சமஸ்கிருதமும் படித்தவர்கள். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததை அவர்கள் முதன்முதலில் தெரிந்துகொண்டது இந்தியில்தான். மறுநாள் என் மகள் பள்ளியில், “அது எங்க ஊர்க் கதை” என்று சொல்லிக்கொண்டாளாம். வருத்தப்படுவதா, சந்தோஷப்படுவதா? காலனியில் ஒரு மாதம் இதே பேச்சு. நான் சந்தோஷப்பட்ட கட்சி. காலனியின் மூத்த தமிழர் ஒருவர், “தலைப்பிலே வேதம் வருது, இந்தி வருது. ஐம்பத்து மூணு வாரத்திலே ஒரு வாரமாவது தேவாரம் வந்ததா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியின் நியாயத்தை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை.

அவர் கேட்டதில் இன்னொரு நியாயமும் உண்டு. மொகஞ்சதாரோ இசைக்குச் சான்று இல்லை. ஆனால் நம் பக்கத்துக்குச் சான்று கல்லில் இருக்கிறது. 1010இல் தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த ராஜராஜன், அங்கே திருப்பதியம் பாட 48 பேரையும், அவர்களுடன் உடுக்கை வாசிக்க ஒருவரையும், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவரையும், ஆக 50 பேரை நியமித்து, நெல் அளந்து கொடுத்ததைக் கல்வெட்டில் வெட்டி வைத்திருக்கிறான். நாற்பத்தெட்டுக் குரல், இரண்டே தாள வாத்தியம். கோஷ்டி கானத்துக்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எந்த இசையமைப்பாளருக்குக் கிடைக்கும்? தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் வேறு. சிலப்பதிகார அரங்கேற்று காதையிலோ, மாதவி ஆடும்போது குழலை யாழ் தொடர்வதையும், அதைத் தண்ணுமையும் பின்னர் முழவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்வதையும் இளங்கோவடிகள் வரிசைப்படுத்தியிருக்கிறார். எந்த வாத்தியம் எதன் பின்னே நுழைய வேண்டும் என்று எழுதி வைப்பதற்குத்தான் இன்று ஆர்க்கெஸ்ட்ரேஷன் என்று பெயர். அந்த யாழ் வழக்கொழிந்து போய், விபுலாநந்த அடிகள் ‘யாழ் நூல்’ எழுதி 1947இல் கரந்தைத் தமிழ்ச் சங்கத்தார் வெளியிடும் வரை அதன் இலக்கணம் ஏட்டில் உறங்கியது. தமிழில் சோழர் காலத் தொடர் ஒன்று, இந்த 48 குரலையும் வைத்து, முறையாக இசையமைத்து வரவேண்டும் என்பது என் நீண்ட நாள் ஆசை.

இசை வாசித்தவர்களைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பம்பாய்த் திரை இசைக்கு முதுகெலும்பாக இருந்தவர்கள் கோவாக்காரர்களும் பார்சிகளுமான, சுரலிபி படிக்கத் தெரிந்த வயலின், செல்லோ, டிரம்பெட் கலைஞர்கள். பெயர் திரையில் வராது. அன்றன்றைக்கு வாசித்தால் அன்றன்றைக்குக் கூலி. 1983இல் யமஹாவின் டிஎக்ஸ்7 போன்ற மின்னணுக் கீபோர்டுகள் வந்தன. தொண்ணூறுகளில் ஒரு ஆள் ஒரு கீபோர்டுடன் நாற்பது பேர் வேலையைச் செய்ய ஆரம்பித்தார். ஸ்டீம் என்ஜின் போனபோது ஃபயர்மேன்கள் என்ன ஆனார்களோ அதுதான் இவர்களுக்கும் நடந்தது. ஒரு வித்தியாசம்: ஃபயர்மேனுக்கு ரயில்வே வேறு வேலை கொடுத்தது, பென்ஷனும் கொடுத்தது. கூட்டத்தில் நாற்பதாவது வயலின் வாசித்தவருக்கு யார் கொடுப்பது?

தலைவருக்கே கிடைக்கவில்லை என்பதுதான் கசப்பான செய்தி. 2019 செப்டம்பரில் பத்திரிகைகளில் படித்தேன்: 92 வயது வன்ராஜ் பாட்டியா, வங்கியில் ஒரு ரூபாயும் இல்லாமல், மூட்டுவலியோடு, வீட்டிலுள்ள பீங்கான் பாத்திரங்களை விற்றுக் காலம் தள்ளுகிறார் என்று. படித்துவிட்டு உதவ முன்வந்தவர்களும் உண்டு. 1989இல் சங்கீத நாடக அகாடமி விருது, 2012இல் பத்மஸ்ரீ, எல்லாம் சுவரில் இருந்தன. 2021 மே 7ஆம் தேதி, 93 வயதில் மும்பையில் காலமானார். கொரோனா இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த நாட்கள் அவை. நம்மில் பலருக்கு அந்தச் செய்தி கண்ணில் பட்டிருக்காது.

இது எப்படி நேர்ந்தது என்று விசாரித்தால் சட்டத்தில் போய் முட்டுகிறது. 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் போடச் சொன்ன இசைக்கு உரிமையாளர் தயாரிப்பாளரே என்று தீர்ப்பளித்தது. மெட்டு எத்தனை முறை ஒலித்தாலும், எத்தனை பால் பாக்கெட் விற்றாலும், போட்டவருக்கு முதல் நாள் கிடைத்த தொகைதான். நம் பாஷையில் சொன்னால் கான்ட்ராக்ட் லேபர். 2012இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் சரிபாதிப் பங்கு, அதை எழுதி வாங்கிக்கொள்ள யாராலும் முடியாது என்று ஆனது. அப்போது பாட்டியாவுக்கு வயது 85. அவர் உழைத்த காலமெல்லாம் முடிந்திருந்தது.

பென்ஷன் வாங்கிக்கொண்டு, மருத்துவ அட்டையுடன் உட்கார்ந்திருக்கும் எனக்கு இதைப் படித்தபோது கூச்சமாக இருந்தது. நான் பாரீஸில் படிக்கவில்லை. ரிலே ரூமில் ஃப்யூஸ் மாற்றினேன்.

இப்போது ‘பாரத் ஏக் கோஜ்’ முழுவதும் பிரசார் பாரதியாரே யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பழைய ஒலிதான், ஆனால் அன்றைய ஸ்பீக்கர் இல்லை. சென்ற மாதம் மகன் அனுப்பிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலைப்பு இசையைக் கேட்டேன். நாம் எண்பதுகளில் மூளையால் கட்டிக்கொண்ட அந்த அடிச்சுரம், இப்போது உண்மையாகவே காதில் வந்து நிற்கிறது. குரல்கள் ஒவ்வொன்றும் தனித்தனி தடத்தில் போவதும் தெரிகிறது. செல்போனில் நேராகக் கேட்க வேண்டாம். அதன் ஸ்பீக்கர் அந்தக் காலத்து டிவியை விடச் சின்னது.

பொங்கல் விழாவை ஒட்டிய ஞாயிறு மாலை, சங்க அரங்கில் சிலப்பதிகாரப் பகுதிகளைப் பெரிய திரையில் போட நிர்வாகக் குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. நல்ல ஸ்பீக்கர்கள் இரண்டை நான் கொண்டு வருகிறேன். இந்தி வசனத்துக்குத் தமிழில் சுருக்கம் எழுதிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்ட இரண்டு பேர் தேவை. விருப்பமுள்ளவர்கள் நூலகப் பதிவேட்டில் பெயர் எழுதி வைக்கவும்.